மூன்று ஹெர்மிஸ்கள்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் பாரோ-இன்-ஃபர்னஸ் என்று ஒரு கப்பல் கட்டும் ஊர் இருக்கிறது. 1945 நவம்பரில் அங்கே விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் தளத்தில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் அரைகுறையாக நின்றுகொண்டிருந்தது. முந்தைய ஆண்டு கட்டத் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் எலிஃபன்ட். போர் முடிந்துவிட்டதால், அதே வகையில் கட்ட நினைத்திருந்த எட்டுக் கப்பல்களில் நான்கை பிரிட்டிஷ் கடற்படை ரத்து செய்தது. ரத்தான நான்கில் ஒன்றுக்குத்தான் ஹெர்மிஸ் என்ற பெயரைக் குறித்து வைத்திருந்தார்கள். கப்பல் போனாலும் பெயரை விட அவர்களுக்கு மனமில்லை. நவம்பர் 5 அன்று எலிஃபன்ட், ஹெர்மிஸ் ஆனது.

எலிஃபன்ட் என்பதும் லேசான பெயர் அல்ல. 1801இல் கோபன்ஹேகன் போரில் நெல்சன் தன் கொடியை ஏற்றியிருந்த கப்பலின் பெயர் அது. அப்பேர்ப்பட்ட பெயரை விட்டு ஹெர்மிஸைப் பிடித்துக்கொண்டார்கள் என்றால், அதற்கான காரணம் மட்டக்களப்புக் கடலடியில் கிடந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1942 ஏப்ரல் 9 அன்று, முந்தைய ஹெர்மிஸ் அங்கே 307 பேரோடு மூழ்கியிருந்தது. அதற்கும் முன்னால் இருந்த ஹெர்மிஸும் போரில் மூழ்கிய கப்பல்தான்.

போர்க்கப்பலின் பெயர் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவதை வெறும் சடங்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. இந்த மூன்று ஹெர்மிஸ்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. விமானம் எப்படிக் கப்பலிலிருந்து கிளம்பி, மறுபடியும் அதே கப்பலுக்குத் திரும்பக் கற்றுக்கொண்டது என்ற வரலாறு ஏறத்தாழ முழுவதும் இந்த ஒரே பெயருக்குள் அடங்கியிருக்கிறது. அதன் கடைசிப் பகுதி நம் மும்பையிலும் கொச்சியிலும் நடந்தது.

முதலில் சொல்ல வேண்டியது, 1898இல் ஸ்காட்லாந்தின் கோவன் தளத்தில் நீரில் இறக்கப்பட்ட ஹெர்மிஸ். 5,650 டன் எடையுள்ள சாதாரணக் குரூசர் வகைக் கப்பல். பதினைந்து வருடம் பெரிதாகப் பேசப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. 1913இல் அதன் முன்புறப் பீரங்கியையும் பின்புறப் பீரங்கியையும் கழற்றிவிட்டு, அணியத்தில் விமானம் ஏவுவதற்கு ஒரு மேடையும் பின்னால் விமானத்தை நிறுத்திவைக்க இன்னொரு மேடையும் அமைத்தார்கள். ரைட் சகோதரர்கள் பறந்து பத்து ஆண்டுகூட நிறையாத காலம். கடற்படைக்கு விமானத்தால் என்ன பயன் என்று பார்ப்பதற்கான சோதனைக் கப்பலாக ஹெர்மிஸ் ஆனது.

அந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பொருள், ஷார்ட் சகோதரர்கள் செய்து கொடுத்த 'ஃபோல்டர்' என்ற கடல்விமானம். கப்பலில் இடம் குறைவு, விமானத்தின் இறக்கையோ அகலம். அதனால் இறக்கைகளைப் பின்பக்கமாக மடித்து உடலோடு ஒட்டி வைக்கும்படி அதை வடிவமைத்தார்கள். இன்று ஐ.என்.எஸ். விக்ராந்தில் நிற்கும் மிக்-29கே விமானங்களும் இறக்கையை மடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த விடை மாறவில்லை.

கிளம்புவது ஓரளவு கைவந்தது. திரும்புவதுதான் தலைவலி. கடல்விமானம் கப்பலில் இறங்காது. பக்கத்தில் தண்ணீரில் இறங்கும், அதைப் பாரந்தூக்கியால் மேலே எடுக்க வேண்டும். அலை சற்று உயர்ந்தாலே மிதவை உடையும். எடுக்கும் வரை கப்பல் நின்றுகொண்டிருக்க வேண்டும். போர்க்காலத்தில் நடுக்கடலில் நிற்கும் கப்பலைவிட நீர்மூழ்கிக்கு வசதியான இலக்கு வேறில்லை. முதல் உலகப்போர் தொடங்கிய மூன்றாவது மாதமே, 1914 அக்டோபர் 31 அன்று, டன்கிர்க் துறைமுகத்தில் கடல்விமானங்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஹெர்மிஸை, ஜெர்மன் நீர்மூழ்கி யூ-27 டோவர் நீரிணையில் டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது.

தண்ணீரில் இறங்காமல் நேராகத் தளத்திலேயே இறங்கினால் என்ன? 1917 ஆகஸ்ட் 2 அன்று எட்வின் டன்னிங் என்ற இளம் விமானி இதைச் செய்து காட்டினார். ஃபியூரியஸ் என்ற கப்பல் காற்றுக்கு எதிராக 26 நாட் வேகத்தில் ஓடியது. எதிர்க்காற்று 21 நாட். ஆக, தளத்தின் மேல் வீசிய காற்றின் வேகம் 47 நாட். டன்னிங் ஓட்டிய சாப்வித் பப் விமானம் பறக்கத் தேவையான வேகமே அவ்வளவுதான். ஓடும் பேருந்தோடு கூடவே ஓடிப் படியில் கால்வைப்பவரைப் போல, அவர் கப்பலின் பக்கவாட்டில் அதே வேகத்தில் பறந்து வந்து மெல்லத் தளத்துக்கு மேல் நகர்ந்தார். கீழே காத்திருந்த சக வீரர்கள் விமானத்தில் கட்டியிருந்த பட்டைகளைக் கைகளால் பிடித்து இழுத்து இறக்கினார்கள். ஓடும் கப்பலில் விமானம் இறங்கியது அதுவே முதல் முறை. ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றபோது அவருடைய விமானம் தளத்திலிருந்து புரண்டு கடலில் விழுந்தது. டன்னிங் இறந்துபோனார்.

கோளாறு ஃபியூரியஸின் அமைப்பில் இருந்தது. கப்பலின் நடுவே பாலமும் புகைப்போக்கியும் எழுந்து நின்றன. அவற்றைச் சுற்றிச் சுழலும் காற்றும் சூடான புகையும் இறங்கும் விமானத்தைத் தூக்கி அடித்தன. 1918இல் வந்த ஆர்கஸ் கப்பலில் மேலே எதுவுமே இல்லாமல் தளத்தைத் துடைத்துவிட்டார்கள். புகையைக்கூடக் குழாய் வழியே பின்பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் கப்பலை ஓட்டுகிறவர் எங்கே நின்று கடலைப் பார்ப்பது?

இதற்கு விடை சொன்ன கப்பல்களில் ஒன்று இரண்டாவது ஹெர்மிஸ். பாலம், பாய்மரம், புகைப்போக்கி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தளத்தின் வலது ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்கள். தளத்தின் மீதிப் பரப்பு முழுவதும் விமானத்துக்கு. வலப்பக்கத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் இருந்தது. இறங்குவது சரிப்படாதபோது விமானிகள் பெரும்பாலும் இடப்பக்கமாகத்தான் திரும்பி விலகினார்கள். இன்றும் உலகில் எந்த விமானந்தாங்கிக் கப்பலைப் பார்த்தாலும் அந்தக் கட்டடம் வலது ஓரத்தில்தான் இருக்கும்.

வேறு வேலைக்குக் கட்டியதை மாற்றியமைக்காமல், விமானந்தாங்கி என்றே திட்டமிட்டு 1918 ஜனவரியில் கட்டத் தொடங்கிய கப்பல் அது. ஆனால் மற்ற கப்பல்களில் நடந்த சோதனைகளின் முடிவுக்காகக் காத்திருந்து காத்திருந்து, 1924இல்தான் சேவைக்கு வந்தது. அதற்குள் ஜப்பான் தன் ஹோஷோவை 1922 டிசம்பரிலேயே முடித்துவிட்டது. சுமார் 11,000 டன், 25 நாட் வேகம், அதிகபட்சம் 20 விமானங்கள் என்பது 1918இல் போதுமானதாகத் தெரிந்தது. விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிக்கொண்டே போனதில், இரண்டாம் உலகப்போர் வந்தபோது ஹெர்மிஸ் சிறிய கப்பலாகிவிட்டிருந்தது.

1942 ஏப்ரலில் தளபதி நகுமோவின் ஜப்பானியப் படை ஐந்து விமானந்தாங்கிகளுடன் இந்துமாக்கடலுக்குள் நுழைந்தது. 5ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கியது. அடுத்தது திருகோணமலை என்று தெரிந்ததும், அங்கே நின்ற ஹெர்மிஸ் 8ஆம் தேதி இரவு ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயருடன் தெற்கே விலகிப் போனது. அதன் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் சீனக்குடா விமானத்தளத்தில் கரையில் இருந்தன. மறுநாள் காலை திருகோணமலைத் தாக்குதல் முடிந்து, திரும்பி வரச் சொன்னதால் கரையோரமாக வந்துகொண்டிருந்தபோது, மட்டக்களப்புக்கு அருகே ஒரு ஜப்பானிய வேவு விமானம் அதைப் பார்த்துவிட்டது. விமானந்தாங்கிக் கப்பல், ஆனால் கையில் ஒரு விமானம்கூட இல்லை. சீனக்குடாவிலிருந்து போர்விமானங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டும் அவை நேரத்துக்கு வந்து சேரவில்லை. காலை பத்தரை மணியை ஒட்டிக் குண்டுவீச்சு விமானங்கள் செங்குத்தாகப் பாய்ந்தன. ஏறத்தாழ 40 குண்டுகள் விழுந்தன. அரை மணிக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. தலைவர் ரிச்சர்ட் ஆன்ஸ்லோவும் அதோடு போனார். வாம்பயரும் மூழ்கியது. அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த வீட்டா என்ற மருத்துவமனைக் கப்பல் நீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றிக் கரை சேர்த்தது.

கரையிலிருந்து சில கடல்மைல் தொலைவில், 50 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், ஹெர்மிஸ் இன்றும் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மட்டக்களப்பிலிருந்து தேர்ந்த முக்குளிப்பாளர்கள் அங்கே போய் வருகிறார்கள்.

மூழ்கிய கப்பலின் பெயரை மறுபடி வைப்பது அபசகுனம் இல்லையா என்று நமக்குத் தோன்றலாம். கடற்படைகள் பெரும்பாலும் நேர்மாறாகவே நினைத்திருக்கின்றன. 1942 மே மாதம் பவளக் கடல் சமரில் அமெரிக்காவின் லெக்சிங்டன் மூழ்கியது. அதைக் கட்டியது மாசசூசெட்ஸ் மாநிலம் குவின்சியில் இருந்த தளம். அங்கே அப்போது கேபட் என்ற பெயரில் இன்னொரு விமானந்தாங்கி உருவாகிக்கொண்டிருந்தது. தாங்கள் முன்பு கட்டிய கப்பலின் பெயரையே இதற்கும் வையுங்கள் என்று தளத்துத் தொழிலாளர்கள் கடற்படைக்கு மனுப்போட்டார்கள். அப்படியே நடந்தது. பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 1941 டிசம்பர் 10 அன்று மலாயாக் கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அதே பெயருள்ள இன்றைய விமானந்தாங்கியைச் சேவையில் சேர்க்க அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் 2019 டிசம்பர் 10.

நமக்குத் தெரிந்த எம்டனும் இப்படித்தான். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அந்தக் கப்பல், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னியிடம் அடிவாங்கிப் பாறையில் ஏறி நின்றது. இரண்டு ஆண்டுக்குள் அடுத்த எம்டன் வந்தது, முன்னதற்குக் கிடைத்த இரும்புச் சிலுவை விருதின் பெரிய வடிவத்தை அணியத்தில் தாங்கிக்கொண்டு. அதன் பிறகும் ஜெர்மனி அந்தப் பெயரை விடவில்லை. முதல் எம்டனில் உயிர் தப்பியவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளவும் 1921இல் உரிமை பெற்றார்கள்.

பிரிட்டனில் இதற்கு முறையான விதியே உண்டு. ஒரு பெயரில் ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான் சேவையில் இருக்கலாம். 1765இல் நீரில் இறக்கப்பட்ட விக்டரி இன்னும் போர்ட்ஸ்மவுத்தில் பெயரளவில் சேவையில் இருப்பதால் வேறு கப்பலுக்கு அந்தப் பெயர் கிடைக்காது. பெயர் பெற்ற போர் விருதுகள் பெயரோடுதான் போகும். புதிய கப்பல் ஒரு சண்டையும் பார்த்திராவிட்டாலும், பழைய கப்பல்கள் ஈட்டிய விருதுகளைப் பலகையில் பொறித்து மாட்டிக்கொள்ளும். 1954இல் கடற்படைத் தலைமை அந்தப் பட்டியலை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. பதினெட்டு வயதில் கப்பலேறும் ஒரு பையன் தினமும் அந்தப் பலகையைக் கடந்து வேலைக்குப் போகிறான். அதில் உள்ள ஒவ்வொரு வரியிலும் தன் வேலையைத் தனக்கு முன்னால் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். எந்தப் பயிற்சியாலும் இதை ஊட்ட முடியாது என்பது என் எண்ணம்.

மூன்றாவது ஹெர்மிஸுக்கு வருகிறேன். பெயர் மாறியபின் அந்தக் கப்பல் வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. 1953இல் நீரில் இறங்கி, 1959 நவம்பரில்தான் சேவைக்கு வந்தது. தாமதம் அதற்கு நல்லதாகவே அமைந்தது. அந்த இடைவெளியில் விமானந்தாங்கிக் கப்பலையே மாற்றிய மூன்று கண்டுபிடிப்புகள் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்தன.

ஜெட் விமானம் வேகமாக இறங்கும். அதன் வாலில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பிவடங்களில் ஒன்றில் மாட்டினால் நிற்கும். மாட்டத் தவறினால் எதிரே தடுப்பு வலை, அதற்கு அப்பால் நிறுத்தி வைத்த விமானங்கள். 1951இல் டெனிஸ் கேம்பல் என்ற அதிகாரி ஒரு யோசனை சொன்னார்: இறங்கும் பாதையைக் கப்பலின் நீளவாக்கில் போடாமல் சில பாகை இடப்பக்கம் சாய்த்துப் போடுங்கள். கொக்கி மாட்டாவிட்டால் எதிரே வெறும் கடல்தான். விமானி எஞ்சினை முழுவீச்சில் திறந்துவிட்டு மறுபடி எழும்பி ஒரு சுற்று வரலாம். இதற்காக இறக்கையிலோ எஞ்சினிலோ எதையும் மாற்ற வேண்டியதில்லை. வண்ணம் பூசிய கோட்டைச் சற்றுத் திருப்பிப் போட்டதில் எத்தனையோ விமானிகள் பிழைத்தார்கள். ஹெர்மிஸில் அந்தச் சாய்வு 6.5 பாகை.

இரண்டாவது, கண்ணாடி. அதுவரை தளத்தின் ஓரத்தில் ஒருவர் இரண்டு மட்டைகளை அசைத்து விமானிக்கு வழிகாட்டினார். நிக் குட்ஹார்ட் என்ற பொறியாளர், தளத்தில் ஒரு பெரிய கண்ணாடியை வைத்து அதில் பிரதிபலிக்கும் விளக்கொளியைப் பக்கவாட்டு விளக்குகளோடு ஒரே வரிசையில் பார்த்தபடி இறங்கினால் போதும் என்றார். ஒரு கைக்கண்ணாடியையும் அலுவலகப் பெண்ணின் லிப்ஸ்டிக்கையும் வைத்தே மேலதிகாரிகளுக்கு இதை அவர் விளக்கிக் காட்டினார். மூன்றாவது, காலின் மிட்செல் வடிவமைத்த நீராவி உந்துகலம். கப்பலின் கொதிகலன் நீராவியையே உருளைக்குள் விட்டு, கனமான விமானத்தைச் சில நொடிகளில் பறக்கும் வேகத்துக்கு உந்தித் தள்ளும்.

இவ்வளவும் பொருத்தி வந்த கப்பலில் 1970களின் தொடக்கத்தில் உந்துகலங்களை எடுத்துவிட்டு, ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் ஏறும் கப்பலாக மாற்றினார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் டக் டெய்லர் என்ற கடற்படை அதிகாரி சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஓர் ஆய்வேடு அதன் தலையெழுத்தை மாற்றியது. தளத்தின் முனையை மேல்நோக்கி வளைத்துவிட்டால், விமானம் பறக்கும் வேகத்தை எட்டுவதற்கு முன்பே அந்த வளைவு அதை வானை நோக்கி எறியும். கீழே விழத் தொடங்குவதற்குள் கிடைக்கும் சில நொடிகளில் எஞ்சின் மீதி வேகத்தைச் சேர்த்துவிடும். நீராவி வேண்டாம், அசையும் பாகம் ஒன்றுமில்லை. ஹெர்மிஸில் 12 பாகை வளைவைக் கட்டினார்கள். சீ ஹாரியர் விமானங்களோடு 1982இல் ஃபாக்லாந்துப் போருக்குத் தலைமைக் கப்பலாகப் போனது அதுதான்.

1986இல் இந்தியா அதை வாங்கியது. 1987 மே 12 அன்று அது ஐ.என்.எஸ். விராட் ஆனது. ஹெர்மிஸ் என்ற பெயர் பிரிட்டனிலேயே தங்கிவிட, உடல் மட்டும் இந்தியாவுக்கு வந்தது. எலிஃபன்ட்டில் தொடங்கிய கணக்கில் விராட் அதன் மூன்றாவது பெயர். இன்னும் 30 ஆண்டு உழைத்து 2017 மார்ச் 6 அன்று ஓய்வு பெற்றது. அருங்காட்சியகமாக்கும் முயற்சி எதுவும் கைகூடவில்லை. 2020இல் குஜராத்தின் அலங் கரைக்கு இழுத்துப் போனார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போவதற்குள் கப்பலில் கணிசமான பகுதியை உடைத்துவிட்டார்கள். இரண்டு நாட்டுக் கடற்படைகளில் இத்தனை காலம் உழைத்த இன்னொரு விமானந்தாங்கியைக் காண்பது அரிது. அதை நாம் காப்பாற்றாமல் விட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

விராட்டுக்கு முன்னால் நம்மிடம் விக்ராந்த் இருந்தது. ஹெர்குலிஸ் என்ற பெயரில் 1945இல் நீரில் இறங்கி, முடிக்கப்படாமல் கிடந்த பிரிட்டிஷ் கப்பலை 1957இல் வாங்கி, பெல்ஃபாஸ்ட்டில் முடித்து, 1961 மார்ச் 4 அன்று சேவையில் சேர்த்தோம். 1971 போரின்போது அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல். வேகம் குறைந்தால் தளத்தின் மேல் எதிர்க்காற்று குறையும், விமானம் எழும்புவது கடினமாகும். டன்னிங் காலத்துக் கணக்கேதான். அந்த நிலையிலும் டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அதற்கு முந்தைய நாட்களில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே ஐ.என்.எஸ். ராஜ்புத் தானே விக்ராந்த் என்பதுபோல் வானொலிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. உண்மையான விக்ராந்த் அந்தமான் பக்கம் மறைந்திருந்தது. அதைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி, விசாகப்பட்டினத்தின் வாசலிலேயே மூழ்கிப்போனது.

1997இல் ஓய்வு பெற்ற விக்ராந்த், சில காலம் மும்பையில் அருங்காட்சியகமாக நின்று, 2014இல் உடைக்கப்பட்டது. அந்த உலோகத்தில் ஒரு பங்கை வாங்கி உருக்கித் தன் மோட்டார் சைக்கிள்களில் பயன்படுத்தியது பஜாஜ். பெயரைக் கடற்படை வைத்துக்கொண்டது. கொச்சித் தளத்தில் கட்டிய முதல் உள்நாட்டு விமானந்தாங்கி, 2022 செப்டம்பர் 2 அன்று அதே விக்ராந்த் என்ற பெயரோடும் அதே ஆர்11 என்ற எண்ணோடும் சேவைக்கு வந்தது. 262 மீட்டர் நீளம். வலது ஓரத்தில் கட்டடம், இடப்பக்கம் சாய்ந்த இறங்குபாதை, குறுக்கே கம்பிவடங்கள், முனையில் 14 பாகை வளைவு. மூன்று ஹெர்மிஸ்கள் கற்றதில் பெரும்பகுதி அதன் தளத்தில் இருக்கிறது.

இன்னொரு விமானந்தாங்கி கட்டுவது பற்றி நெடுநாளாகப் பேச்சு நடக்கிறது. அதற்கு விஷால் என்ற பெயரும் அடிபடுகிறது. விராட் என்ற பெயர் காலியாக இருக்கும்போது புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. உடைத்துவிட்ட கப்பலுக்கு இனி நாம் செய்யக்கூடியது அதன் பெயரைத் திரும்பக் கடலில் இறக்குவது ஒன்றுதான்.